மலைநாட்டுக் குக்கிராமங்களும் சர்க்கார் அபிவிருத்தி மான்யமும்

சமவெளி ஜில்லாக்களில் கிராமம் என்று சொன்னால், ஒரு கோயிலும் ஒரு குளமும் அவற்றைச் சுற்றி நாலைந்து வீதிகளும் மனக்கண்ணில் தோன்றும். நீலகிரியில் அவ்விதமன்று. ரெவின்யூ கணக்கில் ஒரே கிராமமாக எழுதப்பட்டிருப்பது நேரில் சென்று பார்க்குமிடத்து, மேட்டின்மீது ஒரு ஹட்டியும், எதிர்ச் சரிவில் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளும், ஓடைக்கு அப்பால் ஒரு காலனியும், சோலையோரத்தில் ஒரு மந்தும், காட்டுக்குள் பணியர் அல்லது குறும்பர் குடியிருப்புமாகச் சிதறிக் கிடக்கும். 2019-ம் ஆண்டின் இறுதியில் ஊராட்சித் தேர்தல் நடைபெற்றபோது உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, கூடலூர் ஆகிய நான்கு ஒன்றியங்களிலும் சேர்ந்து 35 கிராம ஊராட்சிகளே இருந்தன. ஒவ்வொரு ஊராட்சியின் எல்லைக்குள்ளும் இவ்விதமான சிற்றூர்கள் அநேகம் அடங்கியுள்ளன.

இவ்விஷயம் மான்யத்தைப் பற்றிய ஆலோசனையில் முதலாவதாகக் கவனிக்கத் தக்கது. 2006-ம் ஆண்டில் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சி ஒன்றுக்கு ரூ.20 லட்சம் என்று கணக்கிடப்பட்டது. இரண்டு மூன்று குக்கிராமங்களே உள்ள சமவெளி ஊராட்சிக்கும் அதே தொகை. முப்பது குக்கிராமங்கள் உள்ள மலை ஊராட்சிக்கும் அதே தொகை. பின்னர் 2011-12ல் வந்த தாய்த் திட்டம் ஊராட்சியை விட்டுக் குக்கிராமத்தையே அளவாகக் கொண்டு, மாகாணம் முழுவதிலும் 79,394 குக்கிராமங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. மலைநாட்டுக்கு அதுவே நியாயமான அளவு என்பதில் ஐயமில்லை. எனினும், அந்த முறையிலும் பெயர் ஜாபிதாவில் ஏறாத குடியிருப்புக்கு யாதொரு பயனும் கிட்டாது. ஆகவே எந்த மனுவையும் எழுதத் தொடங்குமுன், தம் ஊரைச் சேர்ந்த ஒவ்வொரு காலனியும், பாடியும், மந்தும் ஊராட்சியின் குக்கிராமப் பட்டியலில் தனிப் பெயருடன் இருக்கின்றதா, அன்றிப் பக்கத்துப் பெரிய ஊரின் பெயருக்குள் மறைந்துபோயிற்றா என்று கிராம அதிகாரிகள் பார்த்துக்கொள்வது நலம்.

ஏழை ஜனங்கள் வசிக்குமிடங்களுக்குப் பொது வசதிகள் செய்துதரச் சர்க்கார் பணம் ஒதுக்குவது புதிதான வழக்கமன்று. சென்னை மாகாணத்தில் 1946-ம் ஆண்டிலேயே 34 பிர்க்காக்களில் பிர்க்கா அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பட்டது. 1952-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி தேச முழுவதிலும் 55 இடங்களில் சமுதாய நலத் திட்டங்கள் ஆரம்பமாயின. நீலகிரிக்கென்றே ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டகாலத்தில் மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் வந்தது. அதற்கு மத்திய சர்க்கார் அளித்து வந்த உதவி பிற்பாடு நின்றுவிட்டது. மலைவாழ் மக்களுக்கென 2023-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி பிரதம மந்திரி ஜன்மன் திட்டம் அறிவிக்கப்பட்டது. மிகவும் நலிவுற்ற பழங்குடியினர் என்று தமிழ்நாட்டில் குறிக்கப்பெற்ற தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு வகுப்பினரும் நீலகிரியில் வாழ்பவர்களே. ஆகையால் பெயர்கள் மாறிக்கொண்டே வந்தபோதிலும், பணம் ஏதோ ஒரு தலைப்பில் இருந்துதான் வந்திருக்கிறது. அப்படியிருந்தும், நோயாளியைத் தூளி கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு தார்ச் சாலை வரையில் நடக்கவேண்டிய குடியிருப்புகள் இம்மலையில் இன்னும் உள்ளன. காரணம் என்ன?

பெரும்பாலான மனுக்கள் பணமில்லாமையால் தள்ளப்படுவதில்லை, நிலத்தினால் தள்ளப்படுகின்றன. காலனிக்குப் பாதை வேண்டும் என்று மனு செல்கிறது. ஒன்றிய எஞ்சினீயர் அளக்க வருகிறார். பாதை என்று ஜனங்கள் ஐம்பது வருஷமாக நடந்து வந்த தடம் புலப்படத்தில் பாதையாகவே இராது. பாதித் தூரம் ஒருவருடைய பட்டா நிலத்திலும், மீதித் தூரம் காப்புக் காட்டிலும் இருக்கும். பொதுப் பணத்தைத் தனியார் நிலத்தில் செலவிட விதியில்லை. காட்டிலாகாவின் சம்மதமின்றிக் காட்டில் ஒரு கல்லும் நடமுடியாது. மனு அங்கேயே நிற்கும். மறுவருஷம் அதே மனு வேறொரு காகிதத்தில் எழுதப்பட்டு, அதே இடத்தில் மறுபடியும் நிற்கும். ஆகையால் மனுவுக்கு முன்னால் செய்யவேண்டிய காரியம் காலடியிலுள்ள மண் யாருடையது என்று தீர்மானித்துக்கொள்வதேயாகும். அதைச் செய்யக்கூடியவர்கள் காலனிவாசிகளல்லர்; நிலமுடையோரும் கிராம அதிகாரிகளுமே.

முதலில் பட்டா நிலத்தை எடுத்துக்கொள்வோம். ஆறடி அகலமும் இருநூறடி நீளமும் உள்ள நடைபாதைக்கு வேண்டிய நிலம் 1,200 சதுர அடி. அதாவது மூன்று செண்டுக்கும் குறைவு. நாலடிக்கு இரண்டரையடி இடைவெளியில் நட்ட தோட்டமாயின், அந்த இடத்தில் இருப்பவை ஏறக்குறைய 120 தேயிலைச் செடிகள். ஏற்கெனவே நடந்து தேய்ந்த தடத்தின்மேலேயே பாதை அமையுமாயின் இத்தொகையில் பாதியும் நஷ்டமாகாது. இந்நிலத்தை உடையவர் வாய்ச்சொல்லால் சம்மதம் தருவது போதாது. அவர் காலமான பின்பு பங்காளிகள் வேலி போட்டுவிடக்கூடும். அவ்விதம் கட்டிய படிகளுக்கு நடுவே வேலி நின்ற ஊர்களும் உண்டு. ஊராட்சியின் பேருக்குத் தானப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் கச்சேரியில் பதிவு செய்து, சர்வேயர் உட்பிரிவு செய்து புலப்படத்தில் பாதையென்று குறித்த பின்னரே அது பொதுப் பாதையாகும். கூட்டுப் பட்டாவாயின் பாத்தியதை உள்ளவர் அனைவருடைய கையெழுத்தும் வேண்டும். மலையில் கூட்டுப் பட்டாக்கள் மிகுதியாதலால், இதற்கே நாலைந்து மாதங்கள் ஆகிவிடுவதுண்டு என்பதை மறக்கலாகாது.

நிலமுடையோருக்கு இதில் அனுகூலம் இல்லாமலில்லை. பறித்த பசுந்தழை மூட்டையில் சூடேறுமுன் தொழிற்சாலைக்குச் சேர்ந்தால்தான் தரம் நிற்கும் என்பது சிறு தேயிலை விவசாயிகள் அனைவரும் அறிந்ததே. காலனிக்குப் போகும் பாதையே தழை மூட்டை லாரிக்கு வரும் பாதையுமாகும். ஆனால் இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. காலனியின் பெயரால் மனுச் செய்து, காலனிவாசிகளின் தொகையைக் காட்டி மான்யம் பெற்று, பாதையை ஒரு தோட்டத்தின் வாயிலோடு நிறுத்திவிடும் வழக்கம் சில இடங்களில் காணப்படுகிறது. மீதித் தூரத்துக்கு அடுத்த வருஷம் பணம் வரும் என்று சொல்லப்படும்; அந்த அடுத்த வருஷம் வருவதேயில்லை. பணம் குறைவாயின் வேலையைக் காலனியின் வாசலிலிருந்து தொடங்கிக் கீழே வருவதே நேர்மையான முறை. மேலிருந்து தொடங்கிய பாதையை யாரும் பாதியில் விட்டுவிடமாட்டார்கள். விட்டால் அது சாலையைத் தொடாமல் நிற்பது எல்லோர் கண்ணிலும் படும்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் வேறொரு சிக்கல் உண்டு. 1969-ம் ஆண்டின் கூடலூர் ஜன்மி எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவின்கீழ் வரும் நிலங்களில் நெடுங்காலமாகக் குடியிருப்போருக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாமையால் மின்சாரம் முதலியவையும் தடைப்பட்டு வந்திருக்கின்றன. இவ்விடங்களில், நிலத்தின் வகை இன்னதென்று மனுவில் ஒளிக்காமல் எழுதி, தாசில்தாரிடம் நிலவகைச் சான்று பெற்று இணைப்பதே புத்திசாலித்தனம். வகையை மறைத்துச் சென்ற மனு, அளவையின்போது வெளிப்பட்டு, மற்ற நல்ல மனுக்களுக்கும் சந்தேகத்தை உண்டாக்கும்.

காட்டுக்குள்ளும் காட்டோரத்திலும் உள்ள குடியிருப்புகளுக்கு வழியே இல்லை என்ற எண்ணம் கிராம அதிகாரிகள் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. அது சரியன்று. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 3-வது பிரிவின் 2-வது உட்பிரிவில், பள்ளிக்கூடம், மருந்தகம், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சிறு நீர்நிலை, சமுதாயக் கூடம், பாதை முதலாகப் பதின்மூன்று விதமான பொது வசதிகளுக்குக் காட்டுநிலத்தை ஒதுக்க இடமளிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு வேலைக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்கவேண்டும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாது. கிராமசபையின் சிபாரிசு வேண்டும். 2009-ம் ஆண்டில் மத்திய பழங்குடியினர் நல அமைச்சகம் வெளியிட்ட நடைமுறைப்படி, வேலையைச் செய்யும் இலாகா குறிப்பிட்ட படிவத்தில் எழுதி, கிராமசபைத் தீர்மானத்துடன் வனச்சரக அதிகாரியிடம் கொடுக்கவேண்டும். அவர் இடத்தைப் பார்வையிட்டு மூன்று வாரத்துக்குள் ஜில்லா வன அதிகாரிக்கு அறிக்கை அனுப்பவேண்டும். வன அதிகாரி ஒப்பாவிடின் விஷயம் கலெக்டரைத் தலைவராகக் கொண்ட ஜில்லாக் கமிட்டியின் முடிவுக்குச் செல்லும். கிராமசபையில் உறுப்பினர்களுள் பாதிப் பேராவது வந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. பத்துப் பேர் கையெழுத்திட்ட தீர்மானம் எத்தனை நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் திரும்பிவிடும்.

தேயிலைத் தோட்டத்து லயன்களில் இருப்போர் நிலைமை இவ்விரண்டிலும் சேராதது. அவர்களுக்கு வீடு, குடிநீர், வைத்தியம், குழந்தைக் காப்பகம் முதலியவற்றைச் செய்துதரவேண்டிய பொறுப்பைத் தோட்ட முதலாளிகள்மீது 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சுமத்தியது. அச்சட்டம் 2020-ம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் அடக்கப்பட்டு, அத்தொகுப்பு 2025-ம் ஆண்டு நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. ஆகையால் தோட்டத்துக்குள் குழாய் கேட்டு ஊராட்சிக்கு மனுச் செய்தால், அது தோட்டத்தின் கடமை என்று பதில் வருவது இயல்பே. ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்கில் குடியேறியவர்களுக்கு அந்தப் பதில் பொருந்தாது. அவர்களைத் தோட்டத்தாரும் தம்மவரென்று கருதுவதில்லை. ஊராட்சியாரும் தோட்டத்து ஆட்கள் என்றே சொல்லிவிடுகின்றனர். இத்தகைய குடும்பங்கள் எத்தனை என்று கணக்கெடுத்து, வாக்காளர் பட்டியல் எண்ணுடன் மனுவில் இணைப்பது கிராம நிர்வாக அலுவலருக்கு ஒரு நாள் வேலை. 1980-ம் ஆண்டில் முன்சீப், கர்ணம் பதவிகள் எடுக்கப்பட்டபின் அவ்வேலை அவர் பொறுப்பில் வந்திருக்கிறது.

இனிப் பணத்தின் பகுதி. ஊரார் பங்கும் சர்க்கார் பங்கும் சேர்ந்து வேலை நடப்பதற்கு 1997-98ல் நமக்கு நாமே திட்டம் ஏற்பட்டது. 2011-12ல் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021-22ல் பழைய பெயருடனேயே மீண்டும் தொடங்கப்பட்டது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊரார் கட்டவேண்டும். ஆதிதிராவிடரும் பழங்குடியினரும் மிகுதியாக வாழும் பகுதியாயின் ஐந்தில் ஒரு பங்கு போதும். உதாரணமாக ஒரு தாங்குசுவரும் படிப்பாதையும் ரூ.6 லட்சம் ஆகுமென்று வைத்துக்கொண்டால், முதல் கணக்கில் ஊரார் பங்கு ரூ.2 லட்சம், இரண்டாவது கணக்கில் ரூ.1,20,000. இந்த ரூ.80,000 வித்தியாசம் ஒரு காலனிக்குச் சிறியதன்று. சலுகை உண்டென்று அறியாமல் மூன்றிலொரு பங்கைத் திரட்ட முயன்று, அது முடியாமல் மனுவையே விட்டுவிட்ட ஊர்களும் உண்டு. பங்குத் தொகையைத் தனியொருவரோ, ஒரு சங்கமோ, ஒரு கம்பெனியோ செலுத்தலாம். அது காலனிவாசிகளின் மடியிலிருந்தே வரவேண்டும் என்று எங்கும் விதிக்கப்படவில்லை. நாட்கூலியில் வாழும் குடும்பத்தினிடம் வீட்டுக்கு ஆயிரம் என்று வசூலிப்பதைக் காட்டிலும், அதே பாதையில் தழை மூட்டை இறக்கும் பத்து நிலக்காரர்கள் பகிர்ந்து கொள்வது பொருத்தமாகும். ஊரார் பங்கு பாதியோ அதற்கு மேலோ ஆகுமாயின், வேலையைத் தாங்களே நடத்திக்கொள்ளவும் இடமுண்டு.

2019-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தில், ஊருக்குள் அமையும் குழாய் வேலைகளுக்கு ஊரார் பங்கு 10 சதவிகிதம் என்றும், மலை, காட்டுப் பகுதிகளிலும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் பாதிக்குமேல் உள்ள ஊர்களிலும் 5 சதவிகிதம் என்றும் வழிகாட்டப்பட்டது. அப்பங்கைப் பணமாக மட்டுமின்றிப் பொருளாகவும் உழைப்பாகவும் தரலாம். குழி வெட்டிய நாட்கள் எவ்வளவு என்று வரவுக் கணக்கில் எழுதி வைக்காவிட்டால் அந்த உழைப்பு உழைப்பாகக் கணக்கில் வராது.

மனு எழுதும் முறையைப் பற்றிச் சிறிது. "எங்கள் ஊருக்கு எல்லா வசதிகளும் செய்துதர வேண்டுகிறோம்" என்று எழுதிய மனுவினால் பிரயோஜனமில்லை. ஒரு மனுவில் ஒரு வேலை. இடத்தின் சர்வே நம்பர், நீளம், அகலம், பயனடையும் வீடுகளின் தொகை, அவ்வீடுகளில் எத்தனை ஆதிதிராவிடர், எத்தனை பழங்குடியினர், இப்போது தண்ணீருக்கோ பள்ளிக்கோ எவ்வளவு தூரம் நடக்கின்றனர், மழைக்காலத்தில் என்ன நேருகிறது என்பவை போதும். அத்துடன் தானப் பத்திரத்தின் நகலும், புலப்பட நகலும், கிராமசபைத் தீர்மானமும் இருந்தால் எஞ்சினீயருக்கு மறுக்க ஏதுவில்லை. திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, நம்பரிட்ட ரசீதைப் பெற்றுக்கொள்ளவேண்டும். ஓவேலி, சோலூர், நடுவட்டம் போன்ற பேரூராட்சி எல்லைகளில், பார்வைக்குக் கிராமமாகவே இருந்தாலும், ஊராட்சிச் சட்டத்தின்படியான கிராமசபை கிடையாது. அங்கே மனு பேரூராட்சிச் செயல் அலுவலருக்கே செல்லவேண்டும். ஒன்றிய ஆபீஸில் கொடுத்துவிட்டு ஒரு வருஷம் காத்திருப்பது வீண்.

மதிப்பீடு தயாரிக்கும்போது எஞ்சினீயருடன் ஊரார் ஒருவராவது கூடச் சென்று இடத்தைக் காட்டவேண்டும். சமவெளி வழக்கப்படி தயாரித்த மதிப்பீட்டில் இரண்டு செலவுகள் விட்டுப்போகின்றன. ஒன்று, லாரி நிற்குமிடத்திலிருந்து மணலும் ஜல்லியும் சிமெண்டும் தலைச்சுமையாகப் போகும் கூலி. அது விடுபட்டால் காண்டிராக்டர் ஒருவரும் டெண்டர் போடமாட்டார். போட்டாலும் கலவையில் சிமெண்டைக் குறைத்து ஈடுகட்டுவார். மற்றொன்று வடிகால். 2009-ம் ஆண்டு நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்து, குன்னூர், கோத்தகிரி, உதகைப் பக்கங்களில் மண் சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டதை மலைவாசிகள் மறந்திருக்கமாட்டார்கள். பாதையின் உட்புறத்தில் கால்வாயும், ஐம்பதடிக்கொரு குறுக்கு வடிகாலும் இல்லாத சிமெண்டுப் பாதை, மழைத் தண்ணீரைத் திரட்டிக் கீழேயுள்ள வீட்டின் மேலும் தோட்டத்தின் மேலும் கொட்டும் வாய்க்காலாகவே ஆகிவிடும். வடிகாலின் முனை இயற்கை ஓடையில் சேரவேண்டுமேயன்றி, பக்கத்து நிலத்தில் முடியலாகாது. சரிவின் உயரத்துக்கேற்பத் தாங்குசுவரும், அதில் நீர் கசிந்து வெளியேறத் துளைகளும் மதிப்பீட்டில் உண்டா என்று கேட்டுப் பார்ப்பதற்கு எஞ்சினீயர் படிப்பு வேண்டுவதில்லை. ஏரும் மண்வெட்டியும் பிடித்தவருக்குச் சரிவில் தண்ணீர் எப்படி ஓடும் என்பது தெரியும்.

காலத்தைப் பற்றியும் யோசிக்கவேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர், நடுவட்டம் பக்கங்களில் வேலை நடவாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் நடவாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரையே இரு பக்கத்துக்கும் ஒத்த காலம். ஆனால் சர்க்கார் கணக்கு மார்ச் 31-ல் முடிகிறது. ஜனவரியில் மனுக் கொடுத்து, மார்ச்சில் அனுமதி வந்தால், வேலை அவசரத்தில் கெடும். அல்லது பணம் திரும்பிவிடும். 2022 முதல் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை, அதாவது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில், கூட ஏற்பாடாயிற்று. இவற்றுள் மே 1-ந் தேதிக் கூட்டமே மலைநாட்டாருக்கு மிகவும் உகந்தது. அன்று மழையில்லை, காட்டுக் குடியிருப்பிலுள்ளவர்களும் நடந்து வரமுடியும். அதில் தீர்மானம் நிறைவேற்றி, மழைக்காலத்தில் தானப் பத்திரம், உட்பிரிவு, மதிப்பீடு ஆகிய காகித வேலைகளை முடித்துக்கொண்டால், பங்குத் தொகையைக் கட்டி, மழை ஓய்ந்தவுடன் வேலையைத் தொடங்கலாம். 2025-ம் ஆண்டு ஜனவரியில் ஊராட்சி உறுப்பினர்களின் காலம் முடிந்து தனி அலுவலர் நிர்வாகம் வந்தது. தலைவர் ஒருவர் இல்லாத அத்தகைய வேளையில், தீர்மான நகலை உடனுக்குடன் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் பொறுப்பு ஊராரையே சேரும்.

மனுவின் கதி தெரியாமற்போனால், 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி ரூ.10 கட்டணத்துடன் எழுதிக் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தரவேண்டும். எந்தக் காரணத்தால் நின்றது என்பதை எழுத்தில் பெற்றுக்கொண்டால், அடுத்த மனுவில் அதைச் சரிசெய்துவிடலாம். வேலை முடிந்தபின் அளவுப் புத்தகத்தில் எழுதப்பட்ட நீளமும், தரையில் உள்ள நீளமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒரு கயிற்றைப் பிடித்து அளந்து பார்ப்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. தண்ணீர்த் தொட்டியாயின், முதல் வருஷத்து உறைபனியில் குழாய் வெடிப்பதுண்டு. ஆகையால் குழாயை ஒன்றரையடி ஆழத்திலேனும் புதைத்தும், வெளியே நிற்கும் பாகத்தில் சாக்குச் சுற்றியும், வால்வைத் திறந்து மூடுவதற்குக் காலனியிலேயே ஒருவரை நியமித்தும், அவருக்கு வேண்டிய ஒரு திருகுச் சாவியை ஊராட்சிச் செலவில் வாங்கிக் கொடுத்தும் வைக்கவேண்டும்.